பாகம் பிரிக்க முடியாத சொத்து

நைனார்பாளையத்தில் எங்கள் ஆயா வாழ்ந்த வீட்டின் கூடத்துச் சுவரில் பல்லாண்டுகளாக ஒரு புகைப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மூலையில் ஒரு விரிசல். சட்டத்தின் ஓரத்தைச் செல் அரித்திருந்தது. நாடு விடுதலை அடைந்த சில ஆண்டுகளுக்குப் பின்னர், ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து வந்த ஒருவர் எடுத்த படம் அது. தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கைகள் இரண்டும் முழங்கால்களின் மீது. முகத்தில், வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்தவரின் இறுக்கம். அருகில் ஆயா, இடுப்பில் கைக்குழந்தையாகிய எங்கள் அம்மாவுடன் நிற்கிறார். முன்னே ஏழு வயதுச் சிறுவனாகப் பெரிய மாமா. அவருடைய இடக் கன்னம் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் ஐந்து வயதுச் சின்ன மாமா இருந்திருக்க வேண்டும். அவரைக் காணோம்! அவ்விடத்தில் புகை போன்ற ஒரு கலங்கலும், அதன் கீழே ஒரு சிறு பாதமுமே தெரிகின்றன.

கன்னத்தின் வீக்கத்துக்கும் பக்கத்து வெறுமைக்கும் காரணம் ஒன்றே: ஒரு வெல்லக் கட்டி. படம் எடுக்கும் வரை பிள்ளைகள் அசையாது நிற்பதற்காக ஆயா கொடுத்த வெல்லம் அது. "எனக்குத்தான் கொடுத்தாங்க" என்பது பெரிய மாமாவின் கட்சி. "ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க, அவன் முழுசா வாயில போட்டுக்கிட்டான். அம்மாகிட்டச் சொல்ல ஓடினேன், அந்த நேரம் பார்த்து அந்த ஆள் படத்தைப் பிடிச்சிட்டான்" என்பது சின்ன மாமாவின் கட்சி. இவ்வழக்கு எங்கள் குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. உண்மை அறிந்த ஒரே சாட்சி ஆயா. அவரோ ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அன்பு வாசகர்களே! நிலமும் வீடும் நகையும் நம் முன்னோர் விட்டுச்செல்லும் சொத்துக்கள். அவற்றைப் பத்திரத்தில் எழுதுகிறோம், அளக்கிறோம், பாகம் பிரிக்கிறோம். எந்தப் பத்திரத்திலும் ஏறாத சொத்து ஒன்று உண்டு. அது குடும்பத்தில் வழங்கிவரும் வேடிக்கைக் கதைகள். அச்சொத்து எவ்வாறு சேர்கிறது, எவ்வாறு சில வேளைகளில் சேதமாகிறது, எவ்வாறு ஒரு குடும்பத்தைக் காக்கிறது என்பதை நாம் கண்டவாறு இங்கே சொல்ல விழைகிறோம்.

கடலை உரிக்கக் கூலி கதை

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் நாங்கள் ஆயா வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவோம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டத்தில் அடங்கும் நைனார்பாளையம், அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993-இல் அது விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறியும், வடமேற்கே வானத்தின் விளிம்பில் நீலக் கோடாகக் கிடக்கும் கல்வராயன் மலை மாறவில்லை. "மலை கிட்ட வந்தா மழை வரும்" என்பார் தாத்தா. மழைக்கு முன்னர் காற்றின் தூசி அடங்கி, மலை துலக்கமாகத் தெரிவதையே அவர் அவ்வாறு சொன்னார் என்பது பின்னாளில் விளங்கிற்று. அன்றோ, மலை இரவில் எழுந்து நடக்கிறது என்றே நம்பினோம். எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பார்க்க விடியற்காலையில் வைக்கோற்போரின் மீது ஏறி நின்றோம். இறங்கியபின் ஆயாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கோடையின் கடைசியில் விதைக்கடலை உரிக்கும் வேலை வந்துவிடும். களத்தில் பாய் விரித்து, நடுவே கடலைக்காயைக் குவித்து, சுற்றிலும் பேரப்பிள்ளைகளை ஆயா உட்கார வைப்பார். அவித்த குச்சிக்கிழங்கு ஒரு தட்டில் ஆவி பறக்கும். உரித்த பருப்பை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். கூலி என்ன தெரியுமா? கதை! அதிலும் ஆயா கெட்டிக்காரர். கதை மிக நல்ல இடத்தில் திடீரென்று நின்றுவிடும். "அப்புறம், ஆயா?" என்று கேட்டால், "முறம் நிறையட்டும்" என்பார். முறம் நிறைந்தால் கதை நகரும். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டு விதைக்கடலை முழுவதும் கதையின் பலத்தில்தான் உரிபட்டது என்று இன்று எண்ணிச் சிரிக்கிறோம்.

அவர் சொன்ன கதைகளில் அரசனும் உண்டு, நரியும் உண்டு. ஆயினும் நாங்கள் மீண்டும் மீண்டும் கேட்டது தாத்தா ரயில் ஏறப்போன கதையைத்தான்.

ரயில் கூப்பிடும், பொறு!

தாத்தா வாலிபராக இருந்தபோது சேலத்தில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். அதுவரை அவர் ரயிலில் சென்றதில்லை. வண்டி கட்டிக்கொண்டு சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே சிறிய இருப்புப்பாதையில் புகைவண்டி ஓடிய காலம் அது. தாத்தாவுக்கு மாட்டுச்சந்தை பழக்கம். ரயில் நிலையம் புதிது. சீட்டுக் கொடுப்பவர் கட்டணத்தைச் சொன்னதும், சந்தையில் சொல்வதுபோல் அதில் பாதியைச் சொன்னார். அவர் மறுத்தார். "ஒத்தை ஆளுதானே போறேன்? மூட்டை முடிச்சுகூடப் பெரிசா இல்லையே!" என்று தாத்தா காலணா ஏற்றினார். அவர் அதற்கும் இசையவில்லை.

சந்தையில் பேரம் படியாவிட்டால் என்ன செய்வது என்பது தாத்தாவுக்குத் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேண்டாமய்யா, போ!" என்று சொல்லி மெதுவாக நடக்க வேண்டும். பத்தடி போவதற்குள் விற்பவன் பின்னாலிருந்து கூப்பிடுவான். தாத்தா நடந்தார். ஓரடி வைத்துக் காதைத் தீட்டினார். மறுவடி வைத்துக் காதைத் தீட்டினார். பத்தடி ஆயிற்று. பின்னாலிருந்து கூப்பிட்டது ரயில்தான்! 'கூ' என்று ஒருமுறை கூவிவிட்டு அது சேலத்தைப் பார்க்கப் போய்விட்டது.

வீடு திரும்பிய தாத்தாவிடம் ஆயா, "கல்யாணம் எப்படி நடந்தது?" என்று கேட்டாராம். தாத்தா திண்ணையில் அமர்ந்து பெருமூச்சு விட்டு, "சீட்டு விக்கிற அந்த ஆளுக்கு வியாபாரமே தெரியலை" என்றாராம்.

ஆயா இக்கதையைச் சொல்லும்போது தாத்தா பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில்தான் படுத்திருப்பார். மறுக்க மாட்டார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்வார்: "பத்தடி இல்லை, எட்டடி." அந்த எட்டடியில் அவருடைய மானம் முழுவதும் அடங்கியிருந்தது. நாங்கள் கண்ட தாத்தா கண்டிப்பானவர். ஊர் வழக்குகளைத் தீர்த்து வைப்பவர். அவர் நிழலைக் கண்டாலே எங்கள் ஆட்டம் அடங்கிவிடும். அப்படிப்பட்டவரும் ஒருநாள் ரயிலிடம் தோற்றுத் திரும்பினார் என்ற செய்திதான் அவர் மீதிருந்த அச்சத்தை அன்பாக மாற்றிற்று.

அக்கதை எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழமொழியையும் தந்தது. யாரேனும் வீண் பிடிவாதம் பிடித்துக் காரியத்தைக் கோட்டைவிடப் போனால், "ரயில் கூப்பிடும், பொறு!" என்போம். வெளியாருக்கு இச்சொல் விளங்காது. எங்கள் வீட்டில் பிறந்தவருக்கும் வாழ்க்கைப்பட்டவருக்கும் மட்டுமே விளங்கும். இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் என்னும் அம்மையார், தம் குடும்பத்தில் வழங்கிய இத்தகைய தனிச் சொற்களையே முதலாகக் கொண்டு 1963-இல் ஒரு நூல் எழுதினார். அந்நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசான ஸ்திரேகா பரிசையும் அதற்காகப் பெற்றார். போரும் சிறையும் பிரிவும் சிதறடித்த ஒரு குடும்பத்தை, சில வேடிக்கைச் சொற்கள் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததை அந்நூல் காட்டுகிறது. வீட்டுக்கு வீடு இத்தகைய அகராதி ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், எண்ணிப் பாருங்கள்!

தன்னையும் எண்ண வேண்டும்

நைனார்பாளையத்துக்குக் கிழக்கே, விருத்தாசலம் வட்டத்தில் கோணான்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. வீரமாமுனிவரின் நினைவோடு இணைந்த ஊர் அது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, 'தேம்பாவணி' என்னும் பெருங்காப்பியம் பாடிய அப்பெரும்புலவர்தாம் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். அது 1822-இல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரோடு குரு செய்த கூத்துக்களைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் அல்லரோ அவர்கள்!

அவர்கள் ஆற்றைக் கடந்த கதையை நினைவுகூருங்கள். அக்கரை சேர்ந்ததும், எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஓராள் குறைகிறது. அடுத்தவன் எண்ணினாலும் அவ்வாறே. ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அனைவரும் அழுகிறார்கள். இது வெறும் வேடிக்கையன்று. பிறருடைய மடமையை எண்ணும்போது தன் மடமையைக் கணக்கில் விட்டுவிடுவது மனித இயல்பு. நல்ல நகைச்சுவை தன்னையும் சேர்த்து எண்ணுகிறது.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'மும் இவ்வழியில் வந்ததே. குளத்தூரில் 1826-இல் பிறந்து, மாயூரத்தில் நீதிபதியாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை 1879-இல் அதனை வெளியிட்டார். கதை சொல்லும் நாயகன் தன் பிள்ளைப் பருவக் குறும்புகளையும், தனக்கு வீட்டில் கிடைத்த அளவற்ற செல்லத்தையும் தானே எடுத்துச் சொல்லி நகைக்கிறான். தமிழ் உரைநடைக் கதை பிறந்தபோதே குடும்பச் சிரிப்போடு பிறந்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

தன்னையும் சேர்த்து எண்ணாத சிரிப்பு என்ன செய்யும்? அதையும் எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

ஓடாத கடிகாரம்

பெரிய மாமா பெண் பார்க்கப் போன கதை அது. மாப்பிள்ளைக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று நண்பர் ஒருவரின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டு இளவயதிலேயே ஏர் பிடிக்கப் போனவர் அவர். பெண்ணின் தகப்பனார் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மணி என்ன இருக்கும், மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். மாமாவுக்கு வியர்த்தது. எனினும் சமயோசிதமாக, மிகுந்த பணிவோடு கையை நீட்டி, "நீங்களே பாருங்க, மாமா" என்றார். தகப்பனாருக்கும் மணி பார்க்கத் தெரியாது! அவர் குனிந்தார், கடிகாரத்தை உற்று நோக்கினார், தலையை மெல்ல ஆட்டினார். "நல்ல நேரந்தான்" என்றார். இருவரும் மனநிறைவோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது மோர் கொண்டுவந்த பெண், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். முள் ஓடவேயில்லை! நின்றுபோன கடிகாரம் அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே விரைந்தார். பெண்ணுக்கு வெட்கம் என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்தாம் எங்கள் அத்தை. "ஓடாத கடிகாரத்தைக் காட்டி என்னைக் கட்டிக்கிட்டார், வண்டி மட்டும் நல்லாத்தான் ஓடுது" என்று மாமாவை வைத்துக்கொண்டே அத்தை சொல்வார். மாமாவும் மீசைக்குள் சிரிப்பார்.

ஆண்டுகள் கடந்தன. பெரிய மாமாவின் மகளுக்குத் திருமணம் முடிந்து, மறுவீட்டு விருந்து நடந்தது. சம்பந்திகள் படித்தவர்கள், நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள். பந்தியில் பேச்சுக் கலகலக்க வேண்டும் என்று சின்ன மாமா கடிகாரக் கதையை எடுத்துவிட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. சம்பந்திகளில் ஒருவர், தீய எண்ணம் ஏதுமின்றித்தான், "இப்பவாவது மணி பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார். மீண்டும் சிரிப்பு.

பெரிய மாமா சிரிக்கவில்லை. பாதி உண்ட இலையை மூடாமலே எழுந்து கை கழுவப் போனார்.

கதை அதுவேதான், சொற்களும் அவையேதான். அத்தை சொன்னபோது அது அன்பாக இருந்தது, அன்று அவமானமாயிற்று. ஏன்? அத்தை சொன்னபோது மாமா தம்மவர் நடுவில், தம் வாழ்வின் நிறைவில் அமர்ந்திருந்தார். பந்தியிலோ, மகளைக் கொடுத்த வீட்டார் முன்னிலையில் எழுத்தறிவில்லாதவராக நிறுத்தப்பட்டார். சின்ன மாமா அண்ணனை எண்ணினார்; தம்மை எண்ணவில்லை. சின்ன மாமாவுக்கும் அந்நாளில் மணி பார்க்கத் தெரியாது என்பதே உண்மை!

வாய்விட்டுச் சொல்லாத அந்த வருத்தம் சில மாதங்களில் கிணற்றடியில் வெளிப்பட்டது. சகோதரர் இருவருக்கும் பொதுவான கிணறு. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. ஒரு நாள் மோட்டார் அரைமணி நேரம் கூடுதலாக ஓடியது என்று பேச்சு எழுந்தது. "மணி பார்க்கத் தெரியாதவன் கிட்ட ஏன் கணக்குக் கேக்கிறே?" என்று பெரிய மாமா கேட்டார். அதுவே அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. மூன்று ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஆயா இரண்டு அடுக்களைக்கும் நடுவே நடந்து நடந்து ஓய்ந்தார். ஒரு மார்கழியில் கண்ணை மூடினார்.

கரைந்துபோன வெல்லம்

முப்பதாம் நாள் நினைவு வழிபாடு முடிந்து உறவினர் கூடியிருந்தோம். ஆயாவின் பொருள்களைப் பிரித்துக்கொடுக்கும் கடமையை ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏற்றிருந்தார். அண்டா ஒருவருக்கு, குத்துவிளக்கு ஒருவருக்கு, மரப்பெட்டி ஒருவருக்கு என்று எல்லாம் அமைதியாகவே முடிந்தன. அந்த அமைதிதான் பொறுக்க முடியாததாக இருந்தது. இறுதியில் பெரிய மாமா எழுந்து, சுவரிலிருந்த புகைப்படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

சின்ன மாமா பெரியவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் போட்டோ எனக்கு வேணும்னு சொல்லுங்க."

பெரிய மாமாவும் பெரியவரைப் பார்த்தே சொன்னார்: "போட்டோவிலேயே இல்லாதவனுக்குப் போட்டோ எதுக்குன்னு கேளுங்க."

கூடத்தில் மூச்சு விடும் ஓசையும் இல்லை. சின்ன மாமா இப்போது அண்ணனையே நேராகப் பார்த்தார். "நான் ஏன் அதில இல்லை? உன் வாயில இருக்கிறது என் பங்கு வெல்லம். அதை முதல்ல துப்பு! அப்புறம் பாகம் பேசலாம்!"

பெரிய மாமாவின் கை, அவரை அறியாமலே, தம் இடக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

முதலில் சிரித்தவர் அத்தை. அடுத்து எங்கள் அம்மா. பிறகு யார் யார் என்று சொல்ல முடியவில்லை. பெரிய மாமா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று விளங்காத ஒரு நிலை. "அது அப்பவே கரைஞ்சி போச்சுடா" என்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் தம்பியிடம் அவர் பேசிய முதற்சொல் அது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். கிணற்று முறை பழையபடிதான், கணக்கும் பழையபடிதான். ஆனால் மோட்டாரை நிறுத்தும்போது ஒருவர் மற்றவருக்குக் குரல் கொடுக்கத் தொடங்கினார். படத்துக்கும் கிணற்றைப்போலவே முறை வைத்தார்கள்: ஆறு மாதம் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் தம்பி வீட்டில். அடுத்து வந்த கிறிஸ்து பிறப்பு விழாவில், சம்பந்தி வீட்டாரும் அமர்ந்திருக்க, பெரிய மாமா தாமாகவே கடிகாரக் கதையைச் சொன்னார். அத்தையைவிட நன்றாகவே சொன்னார். தம் கதையைத் தாமே மீட்டுக்கொண்டபின் அது மீண்டும் யாரையும் நோகச் செய்யவில்லை.

நினைவின் வெப்பம்

பழைய நினைவுகளில் தோய்வதை அறிஞர்கள் ஒருகாலத்தில் நோய் என்றே கருதினார்கள். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஓபர் என்னும் மருத்துவ மாணவர், சொந்த ஊரை எண்ணி ஏங்குவோரின் துன்பத்துக்கு ஒரு நோய்ப்பெயரே சூட்டினார். இன்றைய ஆய்வாளர்கள் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்ந்த அறையில் இருந்தவர்களுக்குப் பழைய இனிய நினைவுகள் மிகுதியாக எழுந்தன என்றும், அத்தகைய நினைவில் ஆழ்ந்தவர்கள் தாம் இருந்த அறையைச் சற்று வெதுவெதுப்பாகவே உணர்ந்தார்கள் என்றும் கண்டறிந்தனர். பனிக்கட்டி நீரில் கையை வைத்திருக்கச் சொன்னபோது, இனிய நினைவை எண்ணியவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்களாம். மார்கழிக் குளிரில் ஆயாவின் போர்வைக்குள் புகுந்து கதை கேட்டவர்களுக்கு இதை எந்த ஆய்வாளரும் சொல்ல வேண்டியதில்லை!

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் பைவுஷ் என்னும் உளவியலாளர் இருவரும் 2001-ஆம் ஆண்டை ஒட்டி மற்றோர் ஆய்வு செய்தனர். 'தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள்? பெற்றோர் எவ்வாறு சந்தித்தார்கள்? நீ பிறந்தபோது என்ன நடந்தது?' என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தம் குடும்பத்தின் கதையை மிகுதியாக அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், வாழ்வைத் தம்மால் நடத்த முடியும் என்ற நம்பிக்கையும் மிகுந்திருந்தன. விடைகளை மனப்பாடம் செய்துவிட்டால் பயன் வந்துவிடாது என்பதையும் டியூக் தெளிவுபடுத்தினார். பெரியவரும் சிறியவரும் ஒன்றாக அமர்ந்து பேசும் வேளைதான் பயன் தருகிறது. 'நாங்கள் உயர்ந்துகொண்டே வந்தோம்' என்ற கதையைவிட, 'உயர்ந்தோம், விழுந்தோம், மீண்டும் எழுந்தோம்' என்ற கதையே பிள்ளைகளுக்கு அதிக வலிமை தருகிறது என்றும் அவர்கள் கூறினார்கள். தாத்தா ரயிலைத் தவறவிட்ட கதை இதில் எவ்வகை என்று சொல்லவும் வேண்டுமோ?

இன்று பல வீடுகளில் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் உலகத்தின் வேடிக்கை முழுவதும் இருக்கிறது. தம் தாத்தாவின் வேடிக்கை மட்டும் இல்லை. கைப்பேசியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எங்கள் மாமாவின் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பிடித்து, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே படத்துக்கு இப்போது முறை தேவையில்லை. ஆனால் புடைத்த கன்னத்தின் காரணத்தைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். சொல்லும் வாய் இல்லையேல் அது வெறும் பழைய படம்.

முறம் நிறையும் முன்னே

ஒரு குறையைச் சொல்லி முடிக்கிறோம். அந்த வெல்லக் கட்டி உண்மையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது? பெரிய மாமாவுக்கு மட்டுமா, இருவருக்குமா? அதை அறிந்தவர் ஆயா ஒருவரே. எத்தனையோ கோடைகள் அவர் அருகில் அமர்ந்து கடலை உரித்தோம். எத்தனையோ கதைகள் கேட்டோம். இதை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு விடை பெறவில்லை. நாளை கேட்கலாம், அடுத்த விடுமுறையில் கேட்கலாம் என்று இருந்துவிட்டோம். அந்தக் கதையையும் அவர் தம் வழக்கம்போல் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டார். இனி எத்தனை முறம் நிறைத்தாலும் அது தொடரப்போவதில்லை.

ஆகவே, அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாரானால், இன்றிரவே அவர் பக்கத்தில் போய் அமருங்கள். பெரிய செய்தி எதுவும் கேட்க வேண்டாம். "நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எதற்காக அடி வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சிரித்துவிட்டு எழுந்து போகப் பார்ப்பார். விடாதீர்கள். கையைப் பிடித்து உட்கார வையுங்கள். கையில் கொஞ்சம் கடலையும் இருந்தால் நல்லது.